அரியாலைக் கரையில் முப்பத்தோராம் நாள்

தம்பிஐயாவுக்குப் பறவை என்றால் கோழி. மிஞ்சிப் போனால் காகம். மற்றதெல்லாம் தோட்டத்தில் விதைத்ததைப் பொறுக்க வரும் கள்ளர் கூட்டம். பண்டத்தரிப்பில் நாற்பது வருஷமாகச் செம்மண்ணைக் கிண்டி வெங்காயமும் புகையிலையும் வைத்த மனிதர், ஒரு சனிக்கிழமை விடியற்புறம் மோட்டார் சைக்கிளில் இருபது கிலோமீற்றர் ஓடி வந்து, அரியாலைக் கடல்நீரேரிக் கரையில் செருப்புப் புதையச் சேற்றில் நின்றுகொண்டு, உள்ளான் குருவி எண்ணுகிற வேலைக்குக் கணக்கப்பிள்ளையாக இருக்கிறார் என்று யாராவது ஊரில் போய்ச் சொன்னால், சொன்னவனைத்தான் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனாலும் நின்றார். கையில் ஒரு மட்டை, மட்டையில் படிவம், தலையில் தூறலுக்கு ஒரு பொலித்தீன் பை. நாலடி முன்னால் மகள் தக்சாயினி தொலைநோக்கிக்குப் பின்னால் குனிந்து நின்றாள்.

“பவளக்காலி, பதினேழு,” என்றாள்.

அவர் படிவத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, நாலு கோடு நிறுத்தி ஒரு கோடு குறுக்கே போட்டு, ஐந்து ஐந்தாகப் பதினேழை எழுதினார். பிழை வரக்கூடாது என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே எழுதினார்.

தை பிறந்தும் மாரி விட்டுப் போகவில்லை. வானம் சாம்பல், தண்ணீரும் சாம்பல். இரவு முழுக்க அடித்த வாடைக்காற்று தண்ணீரைத் தெற்கே ஒதுக்கிவிட்டதில், கரையோரம் அரைக்கட்டை, அரை மைல் தூரத்துக்குச் சேறு வெளித்துக் கிடந்தது. அந்தச் சேறு முழுக்கப் பறவை. சின்ன உள்ளான்கள் தலை நிமிராமல், தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கைக் குத்திக் குத்தி நடந்தன. உப்புக்கொத்தி கொஞ்சத் தூரம் ஓடும், சடக்கென்று நிற்கும், ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்ப ஓடும். பவளக்காலிகள் சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, ஏதோ அவசரமாகத் தொலைத்ததைத் தேடுகிறவர்கள்போல் திரிந்தன. தூரத்தில் நீண்டு வளைந்த மூக்கோடு ஒரு பெரிய பறவை; அது முழு மூக்கையும் சேற்றுக்குள் விட்டு ஒரு நண்டை இழுத்து, தண்ணீரில் அலசி, நண்டுக்காலை உதறி எறிந்துவிட்டு விழுங்கியது.

“உதுகளுக்கு வேறை வேலை இல்லையே? வந்த நேரம் துவக்கம் தின்னுதுகள்,” என்றார் தம்பிஐயா.

“உதுகள் வந்த தூரத்துக்கு உது காணாதப்பா. சைபீரியாப் பக்கத்திலையிருந்து வந்ததுகள். சித்திரைக்குள்ளை திரும்பிப் போகோணும். போறதுக்கு முதல் உடம்பிலை கொழுப்பு வைக்காட்டில் வழியிலை விழுந்து செத்துப்போகும்.”

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் வந்த நாலு வசனம் அது. இந்த ஒரு மாதமாக “ஓம்”, “வேண்டாம்”, “பசிக்கேல்லை” என்ற மூன்றையும் வைத்துத்தான் அவள் சீவித்தாள். போன கிழமை “பறவைக் கணக்கெடுப்புக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை” என்று அவராகவே சொன்னபோது, மகள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு நன்றி இருந்தது. அப்பா மனம் இளகிவிட்டார் என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவரைத் தின்றது.

அவர் இளகி வரவில்லை. இன்றைக்குக் கீரிமலையில் சயந்தனின் அந்தியேட்டி. செத்த முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அன்றைக்குத்தான் சாம்பலைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பார்கள். கரைத்துவிட்டால் பிறகு அந்த ஆளில் கையால் தொட ஒன்றும் மிஞ்சாது. பண்டத்தரிப்பிலிருந்து கீரிமலை கிட்டத்தான். மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினால் முக்கால் மணித்தியாலத்தில் போய் நின்றுவிடுவாள். அரியாலை நேர் எதிர்த் திசையில், பட்டணத்துக்கும் அப்பால். அந்தத் தூரத்துக்காகத்தான் தம்பிஐயா பறவைப் பிரியரானார்.

சயந்தன் யார் என்று கேட்டால், சட்டம் ஒரு பதில் சொல்லும், ஊர் ஒரு பதில் சொல்லும். எங்கள் பக்கத்தில் எழுத்து என்று ஒன்று இருக்கிறது. பதிவாளர் வந்து, கையெழுத்து வாங்கி, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நிமிஷத்திலிருந்து சட்டத்துக்கு அவர்கள் புருஷன் பெண்சாதி. ஊருக்கு இல்லை. தாலி ஏறும்வரைக்கும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். சில வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சினிமாவுக்கு விடுவார்கள். தம்பிஐயா வீட்டில் அதுவும் இல்லை. தாயில்லாப் பிள்ளை, நாலு பேர் நாலு கதை கதைப்பார்கள் என்று, மாப்பிள்ளை வந்தால்கூட விறாந்தையில் மூன்று கதிரை போட்டு நடுக் கதிரையில் தான் இருந்துகொள்வார்.

ஆவணியில் எழுத்து முடிந்தது. புரட்டாதியில் கூடாது. ஐப்பசியில் நாள் சரிவரவில்லை. கார்த்திகையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு துடக்கு; தீட்டுக்குள் செய்யமுடியாது. மார்கழியில் யாரும் செய்வதில்லை. தை இருபத்தொன்பது என்று நாள் வைத்து, கூறைச்சேலை எடுத்து, தாலிக்குப் பொன்னுருக்கவும் நாள் பார்த்தாயிற்று. மார்கழி நடுவில் சயந்தனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஐந்தாம் நாள் செத்துப்போனான். முப்பது வயது. சுன்னாகத்தில் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். தக்சாயினியை முதன்முதல் பார்த்ததும் இதே கரையில், இதே கணக்கெடுப்பில்தான்.

செத்த செய்தியோடு சயந்தனின் தமையன் கேதீஸ்வரனிடமிருந்து தம்பிஐயாவுக்குத் தொலைபேசி வந்தது. “மாமா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறா. எடுத்த கூறை அப்பிடியே இருக்கு. பிள்ளை தன்ரை கையாலை அதைப் பெட்டிக்குள்ளை வைக்கட்டுமாம்.”

அந்தச் சொல்லோடு தம்பிஐயாவுக்கு அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்தது. இருபத்தெட்டு வயது மகள், சனம் நிறைந்த முற்றத்தில், ஒரு பெட்டியின் தலைமாட்டில் நிற்கிறாள். நாளைக்கு ஊர் அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்தார். இனி யார் வந்து பெண் கேட்பான்? தான் கண்ணை மூடினால் அவளுக்கு யார்? பயம் வந்தால் மனிதனுக்குப் புத்தி வேலை செய்யாது என்பார்கள். தம்பிஐயாவுக்கு நன்றாகவே வேலை செய்தது. உள்ளே போய் மகளிடம், “அவை உன்னை வரவேண்டாம் எண்டிட்டினம்,” என்றார்.

“ஏனப்பா?”

இந்தக் கேள்விக்கு அவர் ஆயத்தமாக இருக்கவில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னார். “உன்ரை எட்டாமிடத்துச் செவ்வாய்தான் பிள்ளையைச் சாகடிச்சதெண்டு தாய் சொல்லி அழுகிறாவாம்.”

பிறகு தான் மட்டும் செத்தவீட்டுக்குப் போனார். அங்கே தாய்க்காரி ஞானாம்பிகையிடம் மற்றப் பொய்யைச் சொன்னார். மரண அறிவித்தலில் மகளின் பேர் வரக்கூடாது என்று கேதீஸ்வரனிடம் கேட்டு வாங்கியதும் அவர்தான். “பிள்ளைதான் வேண்டாமெண்டவள்” என்றார். பெறாமக்கள், மருமக்கள், கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரத்தின் பேர்வரை போட்ட அந்த அறிவித்தலைச் சந்தியில் லைட் போஸ்டில் கண்டு தக்சாயினி நின்று வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். அதோடு அவள் கேள்வி கேட்பதை விட்டாள். அவளின் தொலைபேசியிலிருந்து அவர் சிம்மைக் கழற்றி எடுத்தபோதும் ஏனென்று கேட்கவில்லை.

“உப்புக்கொத்தி, நாற்பத்திரண்டு. எழுதினீங்களே?”

“ஓம், ஓம்.”

எட்டு மணிபோல் றெஜி வந்தான். பாஷையூர்ப் பெடியன், கணக்கெடுப்புக்கு ஆட்களைப் பிரித்து விடுகிறவன், சயந்தனின் கூட்டாளி. தக்சாயினிக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, “ஐயா, ஒருக்கா வாங்கோ,” என்று தம்பிஐயாவைத் தாழைப் பற்றைப் பக்கம் கூப்பிட்டான்.

“இண்டைக்கு அந்தியேட்டியெல்லோ. நீங்கள் போகேல்லையே?”

“பிள்ளைக்கு மனம் சரியில்லைத் தம்பி.”

“நேற்று நான் அங்கை போனனான். தாய் மனிசி பாவம். ‘ஒருக்கா அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தால் காணும்’ எண்டு அழுகுது. நான் இவவோடை கதைக்கட்டே?”

“வேண்டாம்,” என்றார் தம்பிஐயா. சொன்ன வேகத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது. “நானே சொல்லுறன். நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

றெஜி, “பத்தரைக்குள்ளை கரைச்சுப்போடுவினம் ஐயா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, நாவற்குழிப் பக்கம் எண்ணுகிறவர்களிடம் போய்விட்டான்.

தம்பிஐயா திரும்பி வந்தார். மகள், “றெஜி என்னவாம்?” என்று கேட்டாள். “படிவத்தை நனைய விடவேண்டாமாம்,” என்றார். பொய் சொல்லப் பழகிய வாய்க்கு மூன்றாவதும் நாலாவதும் பாரமில்லை.

அவள் மறுபடி கண்ணை வைத்தாள். “அப்பா, ஒருக்கா பாருங்கோவன்,” என்று இடம் விட்டாள். அவர் குனிந்து பார்த்தார். முதலில் தன் இமைதான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஒரு உள்ளான், கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல், நெஞ்சுச் சிறகு ஒவ்வொன்றும் தெரிய. அது சேற்றிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. புழு விடவில்லை. பறவை காலை ஊன்றி, அறுந்துபோகாமல் மெல்ல மெல்ல, பொறுமையாக இழுத்து முழுதாக எடுத்தது. பக்கத்தில் இன்னொன்று தட்டிப்பறிக்க ஓடிவர, இது விழுங்கிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் திரும்பக் குத்தத் தொடங்கியது. ஆயிரம் பறவை, எல்லாமே தின்றுகொண்டிருந்தன. அவற்றில் எதற்கும் தம்பிஐயாவிடம் ஒரு கேள்வியும் இல்லை. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது.

“அவர் எண்ணுவார், நான் எழுதுவன்,” என்றாள் தக்சாயினி பின்னால் நின்று. “மூண்டு வருசமும் அப்பிடித்தான். ஒருக்கா ஒரு கூட்டம் எழும்பினால் நான் அந்தரப்படுவன். அவர் ‘இருக்கும், இருக்கும், எங்கை போகப்போகுது’ எண்டு சொல்லிப்போட்டு நிப்பார். சொன்ன மாதிரி ஒரு வட்டமடிச்சு வந்து இருக்கும்.” பிறகு சொன்னாள்: “எழுத்து முடிஞ்சாப் பிறகு நாங்கள் ஒரு நாளும் தனிய நிண்டு கதைக்கேல்லை அப்பா. வாற தையிலை கணக்கெடுப்பிலை கதைப்பம் எண்டவர். கணக்கெடுப்புக்கு நீங்கள் மறிக்கமாட்டியளாம்.”

அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்பது மணியாயிற்று. சொல்லிவிடவேண்டும் என்று தம்பிஐயாவுக்குத் தெரியும். இந்தக் கோடு முடியச் சொல்லுவோம் என்று நினைப்பார். அந்தக் கோடு முடியும். இந்தக் கூட்டம் முடியட்டும். அதுவும் முடியும். நெஞ்சுக்குள் வசனத்தைக் கட்டி வைத்திருப்பார். ஒருதரம் “பிள்ளை” என்று தொடங்கியும்விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து தாழப் பறந்து வர, சேறு முழுக்க ஒரே அடியாய் எழும்பியது. பறவைகள் கூட்டமாகத் திரும்பியபோது ஒருகணம் வெள்ளை, மறுகணம் ஒன்றுமில்லை. ஒரு வட்டமடித்து வந்து திரும்பவும் அதே சேற்றில் இருந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கின.

“சின்ன உள்ளான் அறுநூற்றுப் பத்து வரும். சரியாத் தெரியேல்லை,” என்றாள்.

மணி ஒன்பது இருபது. “சந்தேகமெண்டால் இன்னொருக்கா எண்ணு பிள்ளை,” என்றார் தம்பிஐயா. “பிழையா எழுதக்கூடாது.”

மகள் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அப்பாவுக்கு இதில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். குனிந்து, இடது ஓரத்திலிருந்து திரும்பத் தொடங்கினாள். பத்து, இருபது, முப்பது. அவர் கையில் பேனையோடு நின்று, அந்த எண்ணிக்கை முடியாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டினார். இருபது நிமிஷம் போயிற்று. அறுநூற்று நாற்பது. அவர் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் அவள், தொலைநோக்கியில் கண் இருந்தபடியே, பறவை எண்ணிக்கை சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“அப்பா, சின்ன மாமி கொண்டுவந்த அந்தக் கனடா மாப்பிள்ளைக் கதைக்கு நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ.”

தம்பிஐயாவுக்குக் கேட்டது விளங்கவில்லை. “என்ன பிள்ளை?”

“நான் யோசிச்சனான். அவைக்கே நான் வேண்டாமெண்டால் நான் ஆருக்காக இருக்கிறது? இண்டைக்குக் கரைச்சால் அவரும் இல்லை. அவரின்ரை அம்மா என்னை மகள் எண்டுதான் கூப்பிட்டவ. அந்த வாயாலை நான்தான் சாகடிச்சனான் எண்டு சொன்னால், அதிலை ஏதோ உண்மை இருக்குமெல்லோ.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனால் ஒண்டு. கனடாக்காரருக்கும் சாதகத்தைக் காட்டிச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. இன்னொரு ஆளையும் நான் கொல்லக்கூடாது.”

ஒரு மாதமாக அவர் எதற்குப் பாடுபட்டாரோ, அது கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. தம்பிஐயா ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். மட்டை கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

“அவ அப்பிடிச் சொல்லேல்லை,” என்றார்.

“என்னப்பா?”

“செவ்வாய்க் கதை அவ சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொன்னனான்.”

தக்சாயினி நிமிர்ந்தாள். அவர் இனி நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டார் என்று தெரிந்து, அவளைப் பார்க்காமல், சேற்றைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். “உன்னைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லித்தான் கேட்டவை. கூறையை நீ வைக்கோணுமெண்டு கேட்டவை. பன்ரண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கிறதெண்டு இருந்தது. நான் போய்க் கதிரையிலை இருந்தனான். அந்த மனிசி வந்து ‘பிள்ளை வருகுதோ’ எண்டு கேட்டுது. எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. ‘வருவாள்’ எண்டன். அந்தச் சொல்லை நம்பி ரெண்டு மணிவரைக்கும் பெட்டியை மூட விடேல்லை. எல்லாரும் ஏசுகினம், நேரம் போகுதெண்டு. அந்த மனிசி தலைமாட்டிலை இருந்து றோட்டையே பாத்துக்கொண்டிருந்தது. பேந்துதான் சொன்னனான், நீ வரமாட்டன் எண்டிட்டாய் எண்டு. அறிவித்தலிலை உன்ரை பேர் போடவேண்டாமெண்டதும் நான்தான். உனக்கொரு வாழ்க்கை வேணுமெண்டு... உன்னைக் கைம்பெண் எண்டு ஒருத்தரும்...”

வசனம் முடியவில்லை. முன்னால் உள்ளான்கள் குத்திக் குத்தி நடந்துகொண்டிருந்தன.

தக்சாயினி அழவில்லை; சத்தம் போடவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். அது அவர் பயந்திருந்த எந்தக் கேள்வியும் இல்லை.

“அப்ப, நான் வரமாட்டன் எண்டதைக் கேட்டுக்கொண்டுதானே அப்பா அவர் போயிருப்பார்?”

தம்பிஐயா, செத்தவனுக்குக் கேட்காது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பொய்யைச் சொன்னபோது அவரே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னவர்.

“எத்தினை மணிக்குக் கரைக்கினம்?”

“பத்தரைக்குள்ளை.”

அவள் மணியைப் பார்த்தாள். பத்தாக ஐந்து நிமிஷம். தொலைநோக்கியை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினாள். “எடுங்கோ,” என்றாள். “கெதியா எடுங்கோ.”

அவர் எடுத்தார். எப்போதும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருப்பவள், இன்றைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பட்டணத்துக்குள் சனிக்கிழமைச் சனம். காங்கேசன்துறை வீதியில் ஏறியதும் மழை பெலத்தது. கண்ணில் தண்ணீர் அடிக்க அடிக்க ஓட்டினார். அறுபத்தொரு வயதில் அவர் ஒருநாளும் அந்த வேகத்தில் போனதில்லை. இணுவிலில் ரெயில் கடவை பூட்டிக் கிடந்தது. ரெயில் வருகிற சத்தம்கூட இல்லை. வருமட்டும் நிற்கவேண்டியதாயிற்று. அப்போதுதான் அவள் அவரைத் தொட்டாள். இரண்டு கையாலும் முதுகில் அடித்தாள். “ஏனப்பா, ஏனப்பா, ஏனப்பா” என்று அடித்தாள். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தம்பிஐயா அசையாமல் வாங்கிக்கொண்டார். கடவை திறந்தது.

கீரிமலையில் இறங்கியபோது பத்து ஐம்பது. அந்தியேட்டி மடத்தில் இரண்டு மூன்று குடும்பங்களின் கிரியை நடந்துகொண்டிருந்தது. சயந்தனின் ஆட்கள் அங்கே இல்லை. கடற்பக்கத்திலிருந்து நனைந்த உடுப்போடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் கேதீஸ்வரன், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. பின்னால் ஞானாம்பிகை, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

ஞானாம்பிகை தக்சாயினியைக் கண்டதும் நின்றாள். முகம் இறுகியது. “இப்ப என்னத்துக்குப் பிள்ளை வந்தனீர்?” என்றாள்.

தம்பிஐயா மகளுக்கு முன்னால் வந்து நின்றார். நாலு பேருக்குக் கேட்கக்கூடாது என்றுதான் அவர் சீவியம் முழுக்கக் கதைத்தவர். இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “அவள் வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. நீங்கள் கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது. நான் ரெண்டு பக்கமும் பொய் சொன்னனான்.”

கேதீஸ்வரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஞானாம்பிகை மகனைத் தடுக்கவில்லை, தம்பிஐயாவைப் பார்க்கவுமில்லை. தாங்கியவர்களை விலக்கிவிட்டு வந்து, ஈரக் கையால் தக்சாயினியின் முகத்தை ஏந்திப் பிடித்தாள். கேதீஸ்வரனின் கை தானாகவே இறங்கியது.

“மாமி, அவர் எங்கை?” என்றாள் தக்சாயினி.

“கரைச்சாச்சு பிள்ளை,” என்றாள் ஞானாம்பிகை. “இப்பதான். இப்பதான் கரைச்சுப்போட்டு வாறம்.”

“எவடத்திலை?”

ஞானாம்பிகை கையைத் தூக்கிக் காட்டினாள். காட்டிய இடத்தில் அலைதான் இருந்தது. அதற்குப் பக்கத்திலும் அலைதான். தக்சாயினி கல்லுப் படிகளில் இறங்கினாள். செருப்பைக் கழற்றவில்லை. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். அங்கே நின்று, குனிந்து, இரண்டு கையாலும் கடலை அள்ளினாள். விரலுக்குள்ளால் வழிந்து போனது. திரும்ப அள்ளினாள். ஞானாம்பிகை கரையில் இருந்து, பெட்டிக்கு முன்னால் அழாத அழுகையெல்லாம் சேர்த்துக் குரலெடுத்து அழுதாள்.

தம்பிஐயா மேற்படியில் நின்றார். இறங்கிப் போய்க் கூட்டிவரலாம். அந்த உரிமை தனக்கு இனி இல்லை என்று கால் சொன்னது.

பக்கத்தில் யாரோ ஒரு பெண், தங்கள் வீட்டு அந்தியேட்டிக்கு வந்தவள், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “உங்கடை பிள்ளையே ஐயா?” என்று கேட்டாள்.

“ஓம். என்ரை மகள்.”

“ஆருக்கு?”

மழை அவர் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

“புருசனுக்கு,” என்றார்.

“ஐயோ, சின்னப் பிள்ளை. எப்ப கலியாணம் முடிச்சது?”

தம்பிஐயா வாயைத் திறந்தார். தண்ணீருக்குள் மகள் இன்னமும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஆவணியிலை,” என்றார்.